கீழ்க் கோலுக்குப் பின்னால் ஓடியவர்கள்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மகள் என்னைத் தன் மைதானத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டாள். நான் செய்த குற்றம் பந்து பொறுக்கியது.

மீராவுக்குப் பதினான்கு வயது. இந்த ஊர்ப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் கோல் காப்பவள். நோர்வேயின் மேற்குக் கரையில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அதற்காக நான் ஒன்றும் வாடிப்போகவில்லை. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் பிறந்தவளை மழையைக் காட்டி யாரும் மிரட்ட முடியாது. பிள்ளைகள் ஆடும்போது பெற்றோர் முறைவைத்து வேலை செய்ய வேண்டும் என்பது இங்கே வழக்கம். நம் ஊர்ச் சிரமதானம் போலத்தான். வராமல் இருந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அன்றைக்கு எனக்கு விழுந்தது வாஃபிள் சுடும் வேலை. மீராவின் கோலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நின்று மாவை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எதிரணிப் பெண் ஒருத்தி உதைத்த பந்து கோலுக்கு மேலே பறந்து, கொட்டகையையும் தாண்டி, பின்பக்கச் சரிவில் உருண்டது. கையில் கரண்டியோடு அதன் பின்னால் ஓடினேன். ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை, கால் தானாகவே ஓடியது. புதருக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்து பார்த்தால் ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒவ்வொரு கோலுக்குப் பக்கத்திலும் மேலதிகமாகப் பந்துகளை வைத்திருப்பார்கள். ஒன்று போனால் அடுத்ததைப் போட்டுவிடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

வேலியோரம் நின்ற பெற்றோர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். மீரா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் சேற்றுப் பந்து. அவள் அப்படிப் பார்த்த அந்த நேரத்தில் எதிரணி நாலாவது கோலைப் போட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். மீராவின் தமிழ் அவள் அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ். கோபம் வந்தால் அது இன்னும் சுத்தமாகிவிடும்.

"உங்களை ஆர் ஓடச் சொன்னது அம்மா? இனிமேல் நீங்கள் அங்க வரவேண்டாம்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். தானும் இனிப் போகப்போவதில்லையாம். ஒரே ஆட்டத்தில் நாலு கோல் விட்டவளுக்கு அங்கே என்ன வேலை, வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் போய்க் கையுறைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2

இந்த இடத்தில் ஒரு தாய் கதவைத் தட்டி, "நானும் ஒரு காலத்தில் கோல் காத்தவள்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மீராவுக்கு அது தெரியாது. ஒரு பொய்யைப் பதினெட்டு வருடம் வளர்த்துவிட்டால் அதை வெளியே கூட்டிக்கொண்டு வருவது லேசுப்பட்ட வேலை இல்லை.

என் கணவரின் அக்கா பொகவந்தலாவையில் எங்களுக்கு ஆசிரியையாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடம் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் உயர்தரம் படித்து முடித்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், நோர்வேயில் இருந்த தன் தம்பிக்கு என்னைக் கேட்டு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷி. தோட்டத்துப் பெண்ணை எடுக்கிறாயா என்று அவர் வீட்டில் எவ்வளவு பேச்சு வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "உந்தப் பந்தடிக்கிற கதையை மட்டும் எங்கட வீட்டில எடுக்காதையும்."

சரி டீச்சர் என்றேன். அணியாக எடுத்த படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறினேன். பிறகு கணவரிடம் சொன்னேன், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெளியே பேசும் பழக்கம் வரவே இல்லை. இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். இல்லை, மலையகம் என்றால் ஒரு சின்ன "ஓ" வரும். அந்த "ஓ"வுக்கு மேலே உதைபந்தாட்டத்தையும் வேறு தூக்கி வைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்த நாட்டு மொழியைப் பழகியதும் அப்படித்தான். இதில் "ங்க" கிடையாது. டாக்டரும் நீ, பிள்ளையின் பள்ளி அதிபரும் நீ. பெரியவர்களை நீ என்று கூப்பிட வாய் வராமல் முதல் இரண்டு வருடம் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

இந்தப் பருவத் தொடக்கத்தில் கழகத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு படிவம் வந்தது. என்ன வேலை செய்வீர்கள், வாகனம் இருக்கிறதா, முன்பு உதைபந்தாட்டம் ஆடியிருக்கிறீர்களா. பிள்ளைகளுக்குப் பயிற்சியில் உதவ விரும்பினால் உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று பொலிஸிடம் கடிதம் வாங்கித் தரவேண்டும் என்றும் இருந்தது. ஆடியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்பதில் புள்ளடி போட்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

3

எங்கள் தோட்டத்தில் மைதானம் என்று பெயர் பெற்றிருந்தது ஒரு சரிவு. மேலே கோயில், கீழே நாலாம் நம்பர் மலை. தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அந்த மலையின் அடியில் ஓடை. இந்தச் சரிவில் மேலே ஒரு கோல், கீழே ஒரு கோல். வலை கிடையாது, நாலு மூங்கில்தான். பந்தும் ஒன்றே ஒன்றுதான். பசாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், ஆண்களுக்குக் கொடுத்தால் பெண்களுக்கும் கொடுக்கத்தானே வேணும் என்று எடுத்துத் தந்தது.

அதனால் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பந்தைக் கீழே விட்டவளே போய் எடுத்துக்கொண்டு வரவேண்டும். கீழ்க் கோலில் நிற்பவள் ஒரு கோல் விட்டால் பந்து தேயிலைக்குள் புகுந்து ஓடை வரைக்கும் போய்விடும். செடிகளுக்கு நடுவில் காலைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறி வரவேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும், மற்ற எல்லாரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நல்ல கீப்பர் ஆனதற்கு வீரம் காரணம் இல்லை. ஓடைக்கு இறங்கி ஏறுகிற சோம்பலில்தான் ஒவ்வொரு பந்தின் மேலும் விழுந்து விழுந்து பிடித்தேன்.

எங்களைச் சேர்த்தது சாந்தினி அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். பதினாறு வயதிலிருந்து கொழுந்து எடுத்தவர். அந்த மைதானத்தில் பையன்கள்தான் எந்நேரமும் ஆடுவார்கள். கேட்டால் தரமாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும், அதனால் கேட்கவே இல்லை. ஒரு நாள் மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு கதை பேசினார்கள். பையன்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். மூன்றாவது நாளும் இதே கூத்து நடந்ததும், வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு என்று முடிவாகிவிட்டது.

எப்படிப்பட்ட ஆட்டக்காரிகள் தெரியுமா? காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பகல் முழுக்க மலையில் ஏறி இறங்கி, தலையில் கொழுந்துப் பாரம் சுமந்து வந்த அதே கால்களால் மாலையில் ஓடினார்கள். இடது காலால் மட்டுமே அடிக்கிற பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் சரிவில் மேல்நோக்கி அடித்தால்கூடப் பந்து கோயில் மணி வரைக்கும் போகும். சாந்தினி அக்கா பந்தை எப்போதும் தரையோடு தரையாக, குட்டையாகத் தட்டிக் கொடுப்பார். ஓங்கி அடித்தால் பந்து தொலைந்துவிடும் என்ற பயம்தான். இங்கே தொலைக்காட்சியில் உலகக் கிண்ணத்தில் பெண்கள் அதே மாதிரி குட்டை குட்டையாகக் கொடுத்து ஆடுவதையும், அதைப் பார்க்க அரங்கம் நிறைய ஜனம் எழுந்து நிற்பதையும் பார்க்கும்போது நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். மீரா பார்த்துவிட்டால் சளி என்று சொல்வேன்.

4

புதன்கிழமை மாலை. இங்கத்தைய செயற்கைப் புல்லில் கறுப்பு ரப்பர்த் துணுக்குகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். அவை காலுறையில் ஒட்டிக்கொண்டு வந்து வீடு முழுக்கக் கொட்டும். சமையலறை மேசையில் மீராவின் காலுறைகளைப் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மீரா கையுறைகளைக் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள், மறுநாள் திருப்பிக் கொடுப்பதற்காக. அந்தப் பையின் வாயை அவள் கட்டப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஹட்டன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அதுதான் நாங்கள் தோட்டத்துக்கு வெளியே, ஹட்டன் டவுனுக்குப் போய் ஆடிய முதல் ஆட்டம். வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் பாதிப் பேருக்கு வாந்தி. ஹட்டனில் இறங்கிப் பார்த்தால் மைதானம் சமதரையாக இருந்தது. வைத்த பந்து வைத்த இடத்திலேயே நிற்பதைப் பார்த்து நாங்கள் அதிசயப்பட்டோம். கோலில் வலை கட்டியிருந்தார்கள். அதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். சுற்றிலும் நல்ல கூட்டம், பெண்கள் பந்தடிப்பதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதல் கோல் விழுந்தது. நான் பாய்ந்தேன், எட்டவில்லை. எழுந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கோலுக்குப் பின்னால் ஓடினேன். ஓடைக்கு இறங்குவதாக நினைப்பு. பந்து வலைக்குள் சமர்த்தாகக் கிடக்கிறது, நான் ரோட்டோர வேலி வரைக்கும் போய்க் குனிந்து தேடுகிறேன். "நங்கி, போலே மெதன" என்று நடுவர் சிங்களத்தில் கூப்பிடுகிறார். தங்கச்சி, பந்து இங்கே இருக்கிறது என்று அர்த்தம். மைதானம் முழுக்கச் சிரிப்பு. சில பேர் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியே வேலியைத் தாண்டி பஸ் நிலையத்துக்குப் போய்விடலாம் என்று சத்தியமாக நினைத்தேன்.

அப்போதுதான் சாந்தினி அக்கா ஓடி வந்தார். நடு மைதானத்திலிருந்து, "எல்லாரும் வாங்கடி" என்று கத்திக்கொண்டு. அவர் பின்னால் பாக்கியம், அவள் பின்னால் மற்றவர்கள் எல்லாரும். கோலுக்குப் பின்னால் ஓடி வந்து, வேலியருகில் என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறுபக்கக் கம்பத்தைச் சுற்றி, பதினொரு பேரும் வரிசையாக மைதானத்துக்குள் திரும்பி வந்தோம். கூட்டத்துக்குப் புரியவில்லை. கோல் விழுந்தால் இப்படிச் சுற்றி வருவது இந்தத் தோட்டத்து முறை போலிருக்கிறது என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். பிறகு நிறையப் பேர் தட்டினார்கள். இதற்கு எந்த அட்டையைக் காட்டுவது என்று தெரியாமல் நடுவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அக்கா வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்போது சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"சிரிப்ப பதினோரு பேரு பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்குக் கொஞ்சந்தான் வரும் புள்ள. இப்ப நில்லு."

நின்றேன். மூன்று கோலில் தோற்றோம். அடுத்த வருடம் அதே ஹட்டனில் நான் ஒரு பந்தையும் விடவில்லை, பாக்கியத்தின் இடது கால் ஒரு கோல் போட்டது, ஜெயித்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் வாந்தி எடுக்கவில்லை.

சொல்லி முடித்தபோது காலுறையில் துணுக்கே இல்லை, வெறும் காலுறையைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். மீரா அழவுமில்லை, வந்து கட்டிப்பிடிக்கவுமில்லை. "நீங்கள் கீப்பரோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உண்மையா, கீப்பரோ?" என்று மறுபடியும் கேட்டாள். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்றாள். அதற்கும் உள்ளதைச் சொன்னேன். டீச்சர் கேட்டது, நான் சரி என்றது, அந்தப் படிவத்தில் போட்ட புள்ளடி எல்லாவற்றையும். படம் இருக்கிறதா என்று கேட்டாள்.

என்னிடம் இல்லை. சாந்தினி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்பினேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் அனுப்புவதைத் தவிர எங்களுக்குள் பெரிய பேச்சு இருந்ததில்லை. மறுநாள் காலையில் படம் வந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் தொங்குகிற ஆண்கள் பனியனில் பதினொரு பெண்கள். மீரா என்னைக் கண்டுபிடித்து, விரலால் பெரிதாக்கி, என் கைகளைப் பார்த்தாள்.

"கையுறை இல்லையோ?"

"இல்ல."

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது கையுறைப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை பயிற்சி முடிந்து வந்தபோதும் அது அவள் கையிலேயே இருந்தது.  சனிக்கிழமை வாஃபிள் சுட ஆள் இல்லையாம், ஒரு பிள்ளையின் அம்மாவுக்குக் காய்ச்சலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "வாங்கோ. ஆனா ஓடக் கூடாது" என்றாள்.

5

சனிக்கிழமை நான் நல்லபடியாகத்தான் இருந்தேன். கொட்டகைக்குள் நின்று, மாவு, அச்சு, சீனி, ஜாம் என்று என் வேலையைப் பார்த்தேன். முதல் பாதியில் வேறொரு பிள்ளை கோலில் நின்றாள். மீரா பெரிய மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரிகள் இருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நாலு கோல் விட்டவளுக்கு உடனே இடம் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

கோலுக்கு மேலே பறந்த பந்து இந்த முறை சரிவில் நிற்கவில்லை. கீழே மழைத் தண்ணீர் நிரம்பி ஓடுகிற சின்ன ஆறு ஒன்று இருக்கிறது, நேராக அதைப் பார்த்து உருண்டது. ஓடக் கூடாது என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு பந்து போகிறது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? கரண்டியை மட்டும் ஞாபகமாக வைத்துவிட்டு ஓடினேன்.

பின்னால் சிரிப்புக் கேட்டது. போன முறை சிரித்தவர்கள்தான், இந்த முறை கொஞ்சம் அதிகம். சரிவில் இறங்கும்போது எனக்கு மீராவின் முகம்தான் மனதில் இருந்தது. இன்றோடு முடிந்தது, கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அப்போது பின்னால் யாரோ புல்லை மிதித்துக்கொண்டு ஓடி வரும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்த மழைச் சட்டை படபடக்க மீரா. அவளுக்குப் பின்னால் வாங்கிலிருந்த இன்னும் இரண்டு பெண்கள், எதற்கு ஓடுகிறோம் என்றே தெரியாமல், பொன்னிற முடி பறக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

மீரா என் பக்கத்தில் வந்து சேர்ந்து, வேகத்தைக் குறைக்காமல் சொன்னாள். அப்பாவின் தமிழில் இல்லை, என் தமிழில்.

"ஆளுக்குக் கொஞ்சந்தான்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிக்கொண்டே அழுதேன். அந்த மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாம் பாதியில் மீரா கோலில் நின்றாள். இரண்டு நல்ல பந்துகளைப் பிடித்தாள், ஒன்றை விட்டாள். மீராவின் அணி தோற்றுத்தான் போனது. விட்ட பந்தைத் தானே வலையிலிருந்து எடுத்து நடுவுக்கு எறிந்துவிட்டு, கையுறையை இறுக்கிக்கொண்டு நின்றாள். நான் ஒரு வாஃபிளைக் கருக்கிவிட்டேன்.

6

கழகத்துக்குப் புதுப் படிவம் எழுதிக் கொடுத்தேன். ஆடியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்றும், எந்த இடத்தில் என்ற கேள்விக்கு "கோல்" என்றும் எழுதினேன். எந்தக் கழகம் என்று கேட்ட இடத்தில் தோட்டத்தின் பெயரை முழுதாக எழுதினேன். பயிற்சியாளர் அதை வாசிக்க முயன்று தோற்றுப்போனார். பொலிஸ் கடிதத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வரும் என்கிறார்கள். வந்தால் செவ்வாய்க்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளின் கீப்பர்களுக்கு விழுந்து பிடிப்பது எப்படி என்று நான் சொல்லிக் கொடுக்கலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தினி அக்காவைக் கூப்பிட்டேன். வீடியோவில் முகம் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. தலை நரைத்திருந்தது. இன்னும் கொழுந்து எடுக்கிறார். மாலையில் அதே சரிவில் இருபது பெண் பிள்ளைகளை வைத்து ஆட்டம் பழக்குகிறார். அவர்களில் இரண்டு பேர் மாகாண அணிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும்போது போனை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சப்பாத்துப் போட்ட கால்கள் தெரிந்தன. அதற்குப் பின்னால் நாலாம் நம்பர் மலை, மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கழுத்தில் விசில் ஒன்று தொங்கியது. அந்த விசிலைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

நன்றி என்ற சொல்லை எங்கள் லயத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளமாட்டோம். இந்த நாட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்குக்கூடச் சொல்கிறேன். அக்காவுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "ஹட்டன்ல எம் பின்னாடி ஓடி வந்தீங்களேக்கா, அதுக்கு நான் ஒன்னுமே சொல்லல" என்று தொடங்கி, மீரா நாலு கோல் விட்டது, கையுறைப் பை, மழை, ஆறு, அந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், மீரா என் தமிழில் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நடுவில் அழுதேன். அக்கா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்.

"அது சரி புள்ள, பந்து கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சுக்கா" என்றேன்.